பெட்டியில் 5400, கையில் 94: ரூட்டர் எண்களின் போட்டி

தாழ்வாரம் | 2025 மார்ச் 3, இரவு 9.12

போன வாரம் ஏஎக்ஸ்5400 ரூட்டர் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 5400 எம்பிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஃபைபர் பிளான் 300. போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94-ஐத் தாண்டமாட்டேன் என்கிறது, ரூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும். அடுத்த கம்பெனி பிஇ19000 என்று விற்கிறது. அதை வாங்கியிருக்க வேண்டுமோ? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேனல்36 | மார்ச் 3, இரவு 10.05

இன்னொன்று வாங்காதீர்கள். 5400 என்பது வேகம் இல்லை, கூட்டுத்தொகை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் 574, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 4804. கூட்டினால் 5378. அதை மேலே தள்ளி 5400 ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் பேசும், ஆகவே அந்தக் கூட்டலுக்கே வேலை இல்லை. மதுரைக்கு ஒரு பஸ் 60-ல் போகிறது, இன்னொன்று 80-ல் போகிறது என்பதற்காக 140-ல் போகலாம் என்று போர்டு மாட்ட முடியாது.

4804 எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் எந்தப் பெட்டியும் உங்களை மயக்காது. வைஃபை 6-ல் 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் தரவு சுமக்கும் துணை அலைகள் 1960. மிக நல்ல சிக்னலில் ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு 10 பிட் சுமக்கும் (1024 க்வாம்). அதில் ஆறில் ஒரு பங்கு பிழை திருத்தத்துக்குப் போய்விடும். ஒரு தடவை என்பது 13.6 மைக்ரோசெகண்ட். 1960 × 10 × 5/6 ÷ 13.6 = 1201 எம்பிபிஎஸ். இது ஒரு ஸ்ட்ரீமுக்கு, அதாவது தனியாக ஓடும் ஒரு தரவு ஓடைக்கு. ரூட்டரில் நான்கு ஸ்ட்ரீம் இருப்பதால் 4804.

போனில் இருப்பது பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரீம். பல போன்கள் 80 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதில் ஸ்ட்ரீமுக்கு 600, இரண்டுக்கு 1201. இதுதான் உங்கள் போனுக்கும் ரூட்டருக்கும் நடுவே வரக்கூடிய உச்சம். போன் செட்டிங்ஸில் வைஃபை பெயரைத் தொட்டால் லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். என்ன காட்டுகிறது?

சேனல்36 | மார்ச் 3, இரவு 10.31

மேலே உள்ள குறிப்பில் முக்கியமானதை விட்டுவிட்டேன். 94 என்று எழுதியிருக்கிறீர்கள். அது வைஃபை எண்ணே இல்லை, 100 மெகாபிட் கேபிள் இணைப்பின் கைரேகை.

ஈதர்நெட்டில் ஒவ்வொரு பொட்டலமும் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கிறது. தலைப்பு, இடைவெளி எல்லாம் போக, டிசிபி (நெட்டில் தரவு அனுப்பும் வழக்கமான முறை) வழியாக உங்களுக்குக் கிடைப்பது 1448 பைட். 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 0.941. எனவே 100 மெகாபிட் கம்பியில் 94, கிகாபிட் கம்பியில் 941. டெஸ்ட் போட்டபோதெல்லாம் 93, 94, 94 என்று நூல் பிடித்த மாதிரி வந்தால் சந்தேகமே வேண்டாம். வைஃபை தடுமாறினால் 60, 110, 85 என்று துள்ளும், ஒரே எண்ணில் நிற்காது.

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் போர்ட் (நெட் உள்ளே நுழையும் துளை) 100 என்று இருக்கிறதா 1000 என்று இருக்கிறதா, பாருங்கள்.

தாழ்வாரம் | மார்ச் 4, காலை 7.40

லிங்க் ஸ்பீடு 1201. நீங்கள் சொன்ன அதே எண். வான் போர்ட் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்கிறது. ஃபைபர் பெட்டி வாசல் பக்கம், ரூட்டர் ஹாலில். நடுவே சுவருக்குள் பழைய கேபிள் ஓடுகிறது சார்.

சேனல்36 | மார்ச் 4, காலை 8.15

அந்தக் கேபிள்தான். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். வழக்கமான நிற வரிசையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் 100-க்கு. நீலமும் பழுப்பும் சேர்ந்தால்தான் 1000. பழைய வீடுகளில் ஒரே கேபிளைப் பிரித்து நான்கு கம்பியை நெட்டுக்கும் மீதியைத் தொலைபேசிக்கும் விட்டிருப்பார்கள். இல்லையென்றால் கிளிப் அடித்தபோது ஒரு கம்பி உள்ளே சரியாகப் போகாமல் நின்றிருக்கும்.

இந்த வரிசையில் பாருங்கள். முதலில் ரூட்டரோடு வந்த குட்டைக் கேபிளை எடுத்து, ரூட்டரைத் தற்காலிகமாக வாசலுக்கே கொண்டுபோய் ஃபைபர் பெட்டியில் நேரே செருகுங்கள். வான் 1000 ஆனால் குற்றவாளி சுவர்க் கேபிள். ஆகவில்லையென்றால் ஃபைபர் பெட்டியில் வேறு போர்ட்டில் செருகுங்கள். பல பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும்தான் கிகாபிட், மற்றவை 100. அநேகமாக 1 என்று எண் போட்டது கிகாபிட்டாக இருக்கும்.

சுவர்க் கேபிள்தான் என்று தெரிந்தால், மாற்றுவதற்கு முன் இரண்டு நுனியிலும் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு நிறமும் கிளிப்பின் முன் முனை வரை வந்து முட்டியிருக்க வேண்டும். நீலமோ பழுப்போ ஒரு மில்லிமீட்டர் பின்னால் நின்றால்கூட அந்த ஊசி கடிக்காது. அப்படியானால் புதிய கிளிப் அடித்தாலே போதும்.

சேனல்36 | மார்ச் 4, மதியம் 1.20

ஒரு சேர்க்கை. நீலமும் பழுப்பும் இல்லாதபோது எல்லாப் பெட்டியும் அமைதியாக 100-க்கு இறங்கிவிடும் என்ற தொனியில் எழுதிவிட்டேன். அப்படி இல்லை. இரண்டு பெட்டிகளும் வேகம் பற்றிப் பேசிக்கொள்வது 1, 2, 3, 6 வழியாகத்தான். அங்கே கிகாபிட் என்று ஒத்துக்கொள்வார்கள், பிறகு மற்ற ஜோடிகளில் சிக்னல் வராமல் இணைப்பு விழும். இறங்கிப்போகும் வசதி உள்ள சிப் 100-க்கு வரும். இல்லாத சிப் இணைப்பதும் அறுப்பதுமாக இருக்கும். உங்களுடையது இறங்கும் வகை. இன்னொருவருக்கு விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அவரும் கேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

கம்பியில்லான் | மார்ச் 4, மாலை 6.02

இந்த எண் விளையாட்டு 108 காலத்திலேயே ஆரம்பித்தது. வைஃபை சிப் செய்யும் அதெராஸ்காரன் பக்கத்து வீட்டு சிக்னலைக் கெடுத்து எண்ணை ஏற்றினான். போட்டி சிப் கம்பெனி பிராட்காம்தான் அப்போது நேர்மையாக இருந்தது.

சேனல்36 | மார்ச் 4, இரவு 9.50

பாதி சரி. அந்தச் சண்டை வைஃபை வரலாற்றிலேயே மிகவும் படிக்க வேண்டிய பகுதி, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

802.11ஜி என்ற வைஃபை தரம் 2003 ஜூனில் உறுதியானது. உச்சம் 54 எம்பிபிஎஸ், டிசிபியில் கைக்கு வருவது 20 முதல் 25. தரம் எல்லாருக்கும் ஒன்று என்பதால் எல்லாப் பெட்டியிலும் 54 என்றுதான் போட முடியும். விற்பனைக்காரர்களுக்கு இது ஒத்துவரவில்லை. அதெராஸ் சூப்பர் ஜி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் டர்போ முறை இரண்டு சேனல் அகலத்தைச் சேர்த்துக்கொண்டது. 54-ன் இரு மடங்கு 108, அதுவே பெட்டியில் ஏறியது.

சிக்கல் எங்கே என்றால், 2.4 பட்டையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒன்றோடொன்று மோதாமல் 1, 6, 11 என்று மூன்று சேனல்தான் வைக்க முடியும். டர்போ 6-ஐ நடுவில் வைத்து 40 மெகாஹெர்ட்ஸ் பரவியது. 2437-ஐ மையமாக வைத்தால் 2417-லிருந்து 2457 வரை. 1-ன் மேல் ஓரத்தையும் 11-ன் கீழ் ஓரத்தையும் அது தொடுகிறது. ஒரு வீட்டு ரூட்டர் தெருவின் மொத்தப் பட்டையிலும் கை வைத்தது. 2003-ன் கடைசியில் பிராட்காம் இதை வெளிப்படையாகக் கிளப்பியது, அதெராஸ் மறுத்தது. இது வரை கம்பியில்லான் சொல்வது சரி.

மீதிப் பாதி பிராட்காமின் 125. அது ஒரே சேனலுக்குள்தான் இருந்தது, அக்கம்பக்கத்தைத் தொல்லை செய்யவில்லை. பொட்டலங்களை இடைவெளி குறைத்து அடுக்கி அனுப்பியது, நல்ல பொறியியல்தான். ஆனால் காற்றில் போன சிக்னலின் வேகம் அதே 54. அப்படியானால் 125 எப்படி வந்தது? பெட்டியின் நட்சத்திரக் குறிக்குக் கீழே சின்ன எழுத்தில் விளக்கம் இருந்தது. இந்த முறையில் கிடைக்கக்கூடிய உண்மை வேகம் 34.1 எம்பிபிஎஸ். சாதாரண ஜி முறை அந்த 34.1-ஐத் தர வேண்டுமானால் 125-ல் ஓட வேண்டியிருக்கும், ஆகவே 125. எந்தக் கம்பியிலும் எந்தக் காற்றிலும் ஓடாத ஓர் எண் கடை அலமாரியில் 108-ஐ ஜெயிப்பதற்காகவே பிறந்தது.

ஒரு பக்கம் எண் மெய், ஆனால் பக்கத்து வீட்டைக் கெடுத்தது. மறுபக்கம் பக்கத்து வீட்டைக் கெடுக்கவில்லை, ஆனால் எண் பொய். எனக்கு இரண்டில் முதலாவதுதான் பெரிய தவறு. பட்டை எல்லாருக்கும் பொது. உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டிருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. எண் பொய்யானால் வாங்கியவர் பணம் போகும். பட்டை கெட்டால் வாங்காதவரும் கஷ்டப்படுவார்.

சேனல்36 | மார்ச் 5, காலை 6.55

தொடர்ச்சி. அடுத்த சுற்று, ஜி-க்கு அடுத்து வந்த வைஃபை தரமான 802.11என். தரம் வருவதற்கு முன்னே, 2004-லேயே, பெல்கின் என்ற ரூட்டர் கம்பெனி ஏர்கோவின் சிப்பை வைத்து ப்ரீ-என் என்று விற்க ஆரம்பித்தது. தரக்குழுவில் டிஜிஎன் சிங்க், டபிள்யூவைஸ் என்று இரண்டு அணிகள். ஒன்று வெல்ல 75 சதவீத வாக்கு வேண்டும், யாருக்கும் வரவில்லை. 2006-ல் முதல் வரைவு வாக்கெடுப்பில் விழுந்தது. வந்து குவிந்த கருத்துகள் சுமார் 12,000. வைஃபை கூட்டமைப்பு காத்திருக்க முடியாமல் 2007 ஜூனில் இரண்டாம் வரைவுக்கே சான்று கொடுக்கத் தொடங்கியது. தரம் கடைசியில் உறுதியானது 2009 செப்டம்பரில். பெயரில் என் என்று போட்டு ஐந்து வருஷம் விற்றபிறகு.

இந்தச் சண்டை எங்கே வரை போகும் என்பதற்கு அல்ட்ரா வைட்பேண்ட் என்ற மிக அகலப் பட்டை ரேடியோவுக்கான தரக்குழு சாட்சி. 802.15.3ஏ என்ற அந்தக் குழுவில் இன்டெல் இருந்த அணியும் ஃப்ரீஸ்கேல் இருந்த அணியும் விட்டுக்கொடுக்கவே இல்லை. 2006 ஜனவரியில் தரமே எழுதாமல் குழுவைக் கலைத்தார்கள். அந்த அலைத் தொழில்நுட்பம் பின்னாளில் பிழைத்தது வேறு வேலையில்: தூரம் அளக்க. 2019-ல் ஐபோன் 11-ல் வந்தது அதுதான்.

தாழ்வாரம் | மார்ச் 5, காலை 9.10

குட்டைக் கேபிளில் வான் 1000 ஆகிவிட்டது! டெஸ்ட் 312. சுவர்க் கேபிளின் ஹால் பக்க நுனியில் நீலம், பழுப்பு இரண்டையும் வெட்டி மடக்கி உள்ளே விட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் என் பழைய ஏசி1200 ரூட்டரே போதுமாக இருந்திருக்குமா?

சேனல்36 | மார்ச் 5, காலை 9.45

மடக்கி விட்டிருந்தால் வெட்டுப்படாத நீளம் வரை உறையை உரித்து எட்டையும் வைத்துப் புதிதாகக் கிளிப் அடிக்கலாம். மறுநுனியையும் அதே வரிசையில் அடியுங்கள். ஜோடி முறுக்கைக் கிளிப்புக்கு வெளியே 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

ஏசி1200 பற்றி. 300-ம் 867-ம் சேர்த்தால் 1167, அதைத்தான் 1200 என்றார்கள். 867-ல் கையில் 500 வரும், 300 பிளானுக்குத் தாராளம். ஆனால் விலை குறைந்த ஏசி1200 பெட்டிகள் பலவற்றில் வான் போர்ட்டே 100 மெகாபிட். பெட்டியில் 1200 என்று எழுதி, நெட் நுழையும் வாசலை 100-ல் வைத்திருப்பார்கள். விவரப் பட்டியலில் 10/100 என்றிருந்தால் அது, 10/100/1000 என்றிருந்தால் கிகாபிட். எந்த ரூட்டர் வாங்கினாலும் முதலில் படிக்க வேண்டிய வரி இதுதான். உங்கள் பழையதைத் திருப்பிப் பாருங்கள்.

சேனல்36 | மார்ச் 5, இரவு 8.30

எண்ணைப் பார்த்தே நோய் சொல்லலாமா என்று கம்பியில்லான் தனியாகக் கேட்டார். என் பட்டியலில் இருப்பவை இவை. டெஸ்ட் 94-ல் நின்றால் கேபிள் அல்லது போர்ட். லிங்க் ஸ்பீடு 54-ல் நின்றால் பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். டிகேஐபி என்ற பழைய பூட்டு முறை இருக்கும். அதில் 802.11என் வேகங்களுக்கு அனுமதி இல்லை, புதிய முறையான ஏஇஎஸ்-க்கு மாற்றினால் ஏறும். லிங்க் 72 என்றால் ஒரு ஸ்ட்ரீம், 20 மெகாஹெர்ட்ஸ், 2.4 பட்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 433 என்றால் ஒற்றை ஸ்ட்ரீம் வைஃபை 5 போன், அதற்குமேல் எந்த ரூட்டரும் அதைத் தள்ளாது. 721 என்றால் போனும் ரூட்டரும் நல்லவை, நடுவில் சுவர் இருக்கிறது: 10 பிட் சுமக்க முடியாமல் 6 பிட்டுக்கு இறங்கியிருக்கிறது. 1024 க்வாமுக்குச் சத்தத்தை விட சிக்னல் 35 டெசிபல் போல உயர்ந்திருக்க வேண்டும், அது ஒரே அறைக்குள்தான் கிடைக்கும்.

லிங்க் ஸ்பீடில் 60 முதல் 70 சதவீதம்தான் கைக்கு வரும் என்று கணக்கு வையுங்கள். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், பேசுமுன் காற்று காலியா என்று காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு தொகுதிக்கும் கிடைத்தது என்ற பதில் வர வேண்டும். அந்த நேரமெல்லாம் இதில் போகிறது.

தாழ்வாரம் | மார்ச் 6, காலை 7.05

பிஇ19000 பற்றிச் சொல்லவே இல்லையே சார்.

சேனல்36 | மார்ச் 6, காலை 8.40

அது வைஃபை 7 பெட்டி. 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 11529, 5 பட்டையில் 5765, 2.4-ல் 1376. மொத்தம் 18670. பெரிய பங்கு 320 மெகாஹெர்ட்ஸ் சேனலில் இருந்து வருகிறது, அது 6 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் உண்டு. அமெரிக்கா 2020 ஏப்ரலில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்ததால் அங்கே அப்படி மூன்று வைக்கலாம். ஐரோப்பா திறந்தது 480, ஆகவே ஒன்றே ஒன்று. ரூட்டரின் நாட்டு அமைப்பில் 6 பட்டையே தெரியவில்லையென்றால் 18670-ல் 11529 போய் மீதி 7141. இரண்டு ஸ்ட்ரீம் போனுக்கு அதிலும் பாதிக்குக் கீழேதான்.

வைஃபை 7-க்கு 46 கிகாபிட் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். 320 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஸ்ட்ரீமுக்கு 2882, அதை 16-ஆல் பெருக்கினால் அந்த எண். இரண்டு ஸ்ட்ரீம் போன் வைத்திருப்பவருக்கு 16 ஸ்ட்ரீம் கணக்கைக் காட்டுகிறார்கள்.

கம்பியில்லான் | மார்ச் 6, மாலை 5.30

மொபைலிலும் இதே கதைதான். 4ஜி, 5ஜி...

சேனல்36 | மார்ச் 6, இரவு 9.15

ஆமாம், அங்கே எண்ணுக்குப் பதில் பெயர். ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ வைத்த 4ஜி அளவுகோல், நகரும்போது 100 எம்பிபிஎஸ், நின்ற இடத்தில் 1 கிகாபிட். 2010 அக்டோபரில் எல்டிஈ அட்வான்ஸ்டும் அதன் போட்டி முறையான வைமேக்ஸின் புதிய வடிவமும்தான் தகுதி பெற்றன என்றார்கள். அதே டிசம்பரில், சாதாரண எல்டிஈ, வைமேக்ஸ், மேம்பட்ட 3ஜி எல்லாவற்றையும் 4ஜி என்று அழைக்கலாம் என்று இறங்கிவந்தார்கள். கம்பெனிகள் ஏற்கெனவே அப்படி விற்றுக்கொண்டிருந்தன. 2019 ஜனவரியில் அமெரிக்க மொபைல் கம்பெனி ஏடி அண்ட் டி தன் 4ஜி போன்களின் மூலையில் 5ஜி ஈ என்று எழுத்தை மாற்றியது. போன் அதே, டவர் அதே. போட்டிக் கம்பெனி ஸ்பிரிண்ட் பிப்ரவரியில் வழக்குப் போட்டது, ஏப்ரலில் சமரசம். 2020-ல் விளம்பரச் சுயகட்டுப்பாட்டு வாரியம் சொன்னபிறகு விளம்பரத்தில் அந்தச் சொல்லை விடுவதாக ஒத்துக்கொண்டார்கள்.

வைமேக்ஸ் 50 கிலோமீட்டர், 70 எம்பிபிஎஸ் என்று வந்ததும் நினைவிருக்கும். இரண்டும் தனித்தனியே உண்மை. 50 கிலோமீட்டரில் 70 வராது, 70 வரும் இடத்தில் டவர் கண்ணுக்குத் தெரியும். இந்தியாவில் 2010-ல் ஏலம் போன 2300 மெகாஹெர்ட்ஸ் பட்டை அப்போது வைமேக்ஸுக்கு என்று பேசப்பட்டது. பின்னால் ஜியோ அதில் ஓட்டியது எல்டிஈ.

சேனல்36 | மார்ச் 7, காலை 7.20

முதல் நாள் குறிப்புகளில் இரண்டு திருத்தங்கள்.

ஒன்று, 574-ஐ மறுக்காமல் விட்டேன். அது 2.4-ல் 40 மெகாஹெர்ட்ஸ் கணக்கு. பக்கத்தில் வேறு ரூட்டர் கேட்டால் 20-க்கு இறங்க வேண்டும் என்பது விதி. குடியிருப்பில் எப்போதும் கேட்கும். ஆகவே நடைமுறையில் 287. சில பெட்டிகளில் 40-ஐக் கட்டாயப்படுத்தும் பொத்தான் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள், 2003-ல் டர்போ செய்த அதே தொல்லை அது. 2.4-ஐ 20-ல் வையுங்கள், சேனல் 1, 6, 11-ல் ஒன்று.

இரண்டு, நான்கு ஸ்ட்ரீம் ரூட்டர் வீண் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டேன். அது நியாயம் இல்லை. போனின் சிக்னலை நான்கு ஆன்டெனாவில் கேட்டுச் சேர்க்கும்போது, இரண்டில் கேட்பதைவிட 3 டெசிபல் வரை ஆதாயம். போனின் குரல் ரூட்டரை விட மெலிது என்பதால், கடைசி அறையில் வீடியோ அழைப்பு அறுபடாமல் இருக்க இது உதவும். உச்ச வேகம் ஏறாது, ஓரம் நீளும். உங்கள் பணம் முழுதும் வீணாகவில்லை.

தாழ்வாரம் | மார்ச் 7, இரவு 8.50

கிளிப் அடித்தாயிற்று. ரூட்டர் ஹாலில், வான் 1000, டெஸ்ட் 309. படுக்கையறையில் 190. 160 மெகாஹெர்ட்ஸைப் போட்டுவிடட்டுமா?

சேனல்36 | மார்ச் 7, இரவு 9.30

80-லேயே இருக்கட்டும். அதே சக்தியை இரண்டு மடங்கு அகலத்தில் பரப்பினால் சத்தத்தோடு ஒப்பிட்ட சிக்னலின் உயரம் 3 டெசிபல் குறையும், படுக்கையறையில்தான் அது முதலில் தெரியும். 36 முதல் 64 வரை நீளும் 160 சேனலில் மேல் பாதி ரேடார் பகுதி. ரேடார் சோதனை இயங்கும் ரூட்டர் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும், ரேடார் என்று நினைத்தால் அரை மணி நேரம் அந்தப் பக்கம் வராது. 300 பிளானில் இதெல்லாம் எதற்கு?

190-ஐ ஏற்ற வேண்டுமென்றால் ரூட்டரை டிவி பின்னாலிருந்து எடுத்து, தலை உயரத்தில், படுக்கையறைக் கதவு தெரியும் இடத்தில் வையுங்கள். அப்படியும் குறைந்தால் அந்தப் பழைய ஏசி1200-ஐ ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) ஆக்கி கேபிள் இழுத்துப் படுக்கையறையில் வைக்கலாம், அதன் போர்ட் கிகாபிட்டாக இருந்தால்.

தாழ்வாரம் | மார்ச் 8, காலை 8.00

இடம் மாற்றினேன், படுக்கையறை 260. பழைய ஏசி1200-ன் பின்னால் 10/100 என்று இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?

சேனல்36 | மார்ச் 8, காலை 8.25

போடாதீர்கள். டிவி பக்கத்தில் கேபிளில் இணைத்து சுவிட்ச் மாதிரி வைக்கலாம், 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும். அதன் வைஃபையை மட்டும் அணைத்துவிடுங்கள், டிஎச்சிபி-யையும் (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணையுங்கள், கேபிளை வான் போர்ட்டில் இல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். மேலே ஒரு துண்டு டேப் ஒட்டி 100 என்று எழுதி வையுங்கள்.